தங்கபுஷ்பத்தின் கைநடுக்கம் ஊர் சுற்றிய கதை

நரம்பைப் பற்றி ஆராய்ச்சி பண்ண மஞ்சநத்திப்பட்டிக்கு வந்த டாக்டர் ஜாஸ்பின் தங்கமான பிள்ளைதான், நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், ஆனால் வந்ததும் வராததுமாக போர்டு எழுத பெயிண்டர் அருணாசலத்தைக் கூப்பிட்டாள் பாருங்கள், வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது. அருணாசலம் பைபாஸ் ரோட்டுச் சுவர் முழுக்க லாட்ஜ் வைத்தியர்களுக்கு விளம்பரம் எழுதி எழுதியே தலை நரைத்தவன். டாக்டர் தாளில் எழுதிக் கொடுத்ததெல்லாம், 'நரம்பியல் ஆராய்ச்சி மையம், கை நடுக்கம் உள்ளவர்கள் வரலாம், உங்கள் விவரங்கள் வெளியே போகாது' என்பதுதான். அவன் அதைப் படித்துவிட்டு, பாவம் படித்த பொண்ணு, கூச்சப்பட்டுக்கொண்டு அரையும் குறையுமாக எழுதியிருக்கிறாள் என்று முடிவுகட்டி, மீதியைத் தானே நிரப்பி, 'நரம்புத் தளர்ச்சியா? கவலையை விடுங்கள்! ரகசியம் காக்கப்படும்!' என்று சிவப்பில் கொட்டை எழுத்தில் தீட்டி, பக்கத்தில் பாய்கிற குதிரை ஒன்றையும் வரைந்து, பழைய கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தின் வாசலுக்கு மேலே மாட்டிவிட்டுப் போய்விட்டான். டாக்டரோ நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை, பாடப் புத்தகத்தைப் படித்த அளவுக்குச் சுவரைப் படித்தவள் இல்லை. "எளிய தமிழ்ல போட்டிருக்கீங்க, நல்லாருக்கு அண்ணாச்சி" என்று சிரித்தாள். குதிரை எதுக்கு என்று மட்டும் கேட்டாளாம். அது இருந்தால்தான் ஆள் வரும் என்றானாம்.

ஆள் வரத்தான் செய்தது. எதிர்த்தாற்போல டீக்கடை வைத்திருக்கிற கோமு நான், என் கண்ணுக்குத் தப்பி அந்தப் படியில் ஒரு ஈ ஏற முடியாது. பொழுது சாய்ந்தால் போதும், தலையில் துண்டைப் போட்டு மூக்குவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு ஆம்பிளைகள் வரிசை கட்டி நின்றார்கள், இந்த ஊர்க்காரன், அடுத்த ஊர்க்காரன், உரக்கடைக்காரன், மேளம் அடிக்கிறவன், ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்காமல், எல்லோரும் ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருக்கிற தோரணையில் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். டாக்டர் பிள்ளை ஒவ்வொருத்தரையும் உட்கார வைத்து, ரெண்டு கையையும் நீட்டுங்க, மூக்கு நுனியைத் தொடுங்க, இந்தத் தம்ளர் தண்ணியை அந்தத் தம்ளருக்கு ஊத்துங்க, இந்தத் தாளில் ஜாங்கிரி மாதிரி ஒரு சுருள் வரைங்க என்று வரிசையாகச் சோதித்துவிட்டு, "உங்க நரம்புக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி, எஃகு மாதிரி இருக்கு" என்று அனுப்பிவிடுவாள். அவ்வளவுதான், கூனிக் குறுகி உள்ளே போனவன் வெளியே வரும்போது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, என் கடையில் ஸ்பெஷல் டீ சொல்லுவான். அந்த ஒரு வார்த்தையை இன்னொரு தடவை கேட்பதற்கென்றே மறுநாளும் வந்தவர்கள் உண்டு.

நிஜமாகவே கை நடுங்குகிற சனம் ஒன்றுகூட வரவில்லை. எங்கள் வட்டாரத்தில் அதற்குப் பஞ்சமே கிடையாது. மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டிக் கட்டி, சொத்து வெளியே போகாமல் காத்த மாதிரி நடுக்கத்தையும் வெளியே போகாமல் காத்து வைத்திருந்தோம், அதைத் தேடித்தான் டாக்டரும் வந்திருந்தாள். ஆனால் குதிரை பாய்கிற போர்டுக்குக் கீழே எந்தப் பொம்பிளை நுழைவாள்? துணிந்து ஏறினவள் ஒருத்திதான், வடக்குத் தெரு தங்கபுஷ்பம்.

அவளுக்கு ஏறாமல் தீராது. வலது கை தூங்குகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் ஆடும். போன வருஷம் அவள் மகள் சண்முகவடிவைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள், தம்ளரெல்லாம் ஒன்றோடொன்று மோதி கிணுகிணுவென்று சத்தம் போட்டு, மாப்பிள்ளையின் தகப்பனார் வெள்ளை வேட்டியில் பாதிக் காப்பி போய்ச் சேர்ந்தது. அவர்கள் பஜ்ஜியைக்கூடத் தொடாமல் எழுந்தார்கள். நரம்பு வியாதி ரத்தத்தில் ஓடும், மகளுக்கும் வரும் என்று தெருமுனையில் நின்று பேசிவிட்டுத்தான் காரில் ஏறினார்கள். வடிவு சிந்தின காப்பியைத் துடைத்துவிட்டு டிவியைப் போட்டாள். தங்கபுஷ்பம்தான் அடுப்படியில் உட்கார்ந்து, நடுங்குகிற கையை இன்னொரு கையால் அடித்து அடித்து அழுதாள். பாவி, அந்தக் கை என்ன பண்ணும்.

அவள் புருஷன் செல்லத்துரை லாரி ஷெட் வைத்திருக்கிறவர், மீசைக்காரர், மீசைக்கு எண்ணெய் போடாமல் வெளியே இறங்க மாட்டார். பெண்டாட்டி அந்தப் படியில் ஏறப் போகிறாள் என்று கேட்டதும் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"ஏட்டி, நீ உள்ள போனா, புருஷனுக்கு மருந்து வாங்கப் போறான்னுல்லா ஊரு பேசும்?"

"உங்க மீசையைப் பத்திக் கவலைப்பட ஷெட்டுல அத்தனை பேரு இருக்காவ. என் மவளைப் பத்திக் கவலைப்பட நான் ஒருத்திதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள் ஏறிப் போனாள்.

ஊர் பேசத்தான் செய்தது. அவர் டீ குடிக்க வந்தால், "என்ன அண்ணாச்சி, மருந்து கேக்குதா?" என்பான் ஒருத்தன். "எனக்கில்லவே, அவளுக்கு, அவ கைக்கு!" என்று இவர் கத்துவார். "சரி சரி, எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ" என்பான் இன்னொருத்தன். மனுஷன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

டாக்டர் தங்கபுஷ்பத்திடம் எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னாள். இது ஆராய்ச்சி, பாதிப் பேருக்கு மருந்து மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை, ரெண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், யாருக்கு எது என்று குலுக்கிப் போட்டது மெட்ராஸில் இருக்கிற கம்ப்யூட்டர், "எது உங்களுக்கு வந்திருக்குன்னு எனக்கே தெரியாதுக்கா" என்றாள். தனக்கே தெரியாமல் மருந்து கொடுக்கிற டாக்டரை அன்றுதான் நாங்கள் பார்த்தோம். சம்மதக் கையெழுத்துப் போடும்போது தங்கபுஷ்பத்தின் பேர் தாளைத் தாண்டி மேஜையில் ஏறி டாக்டரின் கோட்டு வரைக்கும் போய்விட்டது. டாக்டர் அதைத் துவைக்கவில்லை.

மாத்திரை போட ஆரம்பித்துக் கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில், தங்கபுஷ்பம் தோசைக்கு மாவை ஊற்றினாள், மாவு வட்டமாக விழுந்தது. கையைப் பார்த்தாள், கை சும்மா இருந்தது. பக்கத்து வீட்டுக் கையைக் கடன் வாங்கி மாட்டின மாதிரி இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள். அதே நேரத்தில் இங்கே என் கடையில் தட்டில் கவிழ்த்து வைத்திருந்த கண்ணாடித் தம்ளரெல்லாம் கிணுகிணுவென்று ஆட ஆரம்பித்தது. லாரி போகிறதோ என்று எட்டிப் பார்த்தேன், ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டேன், கேட்ட சத்தம்தான், கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி கேட்டு அவள் வீட்டுக்குப் போனபோதெல்லாம் காப்பித் தம்ளரில் கேட்ட அதே சத்தம். "இது நம்ம தங்கபுஷ்பத்தோட நடுக்கம்லா, இங்க எதுக்கு வந்துது?" என்று கேட்டேன். என் குரலைக் கேட்டதும் அது தம்ளரை விட்டு இறங்கி, பெஞ்சைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்துவிட்டு, பழக்கடைப் பக்கம் போனது, அங்கே தொங்கின வாழைத்தார் ஆடினதை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

இதைக் கேட்டு ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. வந்த மாப்பிள்ளை திரும்பிப் போவதும், கட்டின மாடு அவிழ்த்துக்கொண்டு போவதும் நடக்கிற ஊரில் ஒரு நடுக்கம் கையை விட்டு இறங்கிப் போவதற்கு என்ன பெரிய ஆச்சரியம் வேண்டியிருக்கிறது? தங்கபுஷ்பத்திடம் போய் விஷயத்தைச் சொன்னதற்கு, "போகட்டும்க்கா, பாவம் அதுவும் என் கையை விட்டா வேற ஊரு உலகம் பார்க்கல" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் பேசினதெல்லாம் அது ஆணா பெண்ணா என்பதைப் பற்றித்தான். பொம்பிளை கையில் வளர்ந்தது பெண்ணாகத்தான் இருக்கும் என்றேன் நான். வேலை வெட்டி இல்லாமல் ரோட்டில் திரிகிறதே, ஆணாகத்தான் இருக்கும் என்றாள் மாவு மில் ராமலட்சுமி. அதுவும் சரிதான் என்று பட்டது.

வேலை வெட்டி இல்லை என்று சொன்ன ராமலட்சுமிதான் அதற்கு முதலில் வேலை வைத்தவள். சல்லடையில் மாவைப் போட்டுவிட்டு, வா கண்ணு வா என்று கூப்பிட்டாளாம், வந்து உட்கார்ந்து அத்தனை மாவையும் சலித்துக் கொடுத்துவிட்டதாம். அப்புறம் என்ன, இட்லிச் சட்டி இரவல் கேட்கிற மாதிரி பொம்பிளைகள் தங்கபுஷ்பத்தின் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். "மதினி, உங்க நடுக்கம் இன்னைக்குச் சும்மாதான இருக்கு? பிள்ளை தூங்க மாட்டேங்கான், தொட்டிலை ஆட்டக் கொஞ்சம் அனுப்பி வைங்களேன்" என்று ஒருத்தி கேட்பாள், மோர் கடைய வேணும் என்று இன்னொருத்தி கேட்பாள், ஜமுக்காளத்தில் தூசி தட்ட, புளியமரத்தை உலுக்க, மெத்தைப் பஞ்சை உதற என்று ஆளுக்கொரு காரியத்தைச் சொல்லிக் கேட்பார்கள். அவளும் கொல்லையில் வேப்பமரத்தைப் பார்த்து, "போயிட்டு வா, மரியாதையா இரு" என்று சொல்லி அனுப்புவாள். அது அந்த வேப்பமரத்தில்தான் குடியிருந்தது, வீட்டுக்குள் மட்டும் நுழையாது. சலூன் பக்கம் போகக் கூடாது, ஊசி போடுகிற நர்ஸம்மா பக்கம் போகக் கூடாது, பனையில் ஆள் ஏறியிருக்கும்போது கிட்டப் போகக் கூடாது என்று என் கடையில் வைத்துப் பேசி முடிவு பண்ணினோம், அதுவும் சொன்னதைக் கேட்டு நடந்தது.

கோமரத்தாடி பேச்சிமுத்து மட்டும் யாருக்கும் தெரியாமல் போய்க் கேட்டான். சுடலைமாடன் கோயிலில் சாமியாடுகிறவன் அவன், வயசாகிவிட்டது, சில செவ்வாய்க்கிழமைகளில் சாமி வரச் சுணங்குகிறது, சனம் காத்துக்கொண்டு நிற்கும்போது அவனுக்கு வேர்த்துக் கொட்டும். "சாமி வர்ற வரைக்கும் ஒரு ஒத்தாசைக்குத்தான் தாயி" என்றானாம். அடுத்து வந்த கோயில் கொடையில் அவன் ஆடின ஆட்டத்தைப் பார்த்து வெளியூர்க்காரர்களெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆடி முடித்துக் குறி சொல்லும்போது, "தோசை வட்டமா வருதா?" என்று அவன் வாயில் வந்ததைக் கேட்டு எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

டாக்டர் பிள்ளை கதைதான் பாவம். அவளிடம் கைக்கடிகாரம் மாதிரி ஒரு கருவி இருந்தது, கட்டினால் நடுக்கம் வேகமா, மெதுவா என்று சொல்லிவிடும். தங்கபுஷ்பத்தின் கையில் கட்டினால் அது ஒன்றுமில்லை என்றது. டாக்டர் சந்தோஷத்தில் குதித்தாள், குதித்துவிட்டு, அப்படியே சும்மா இருக்காமல், போன நடுக்கம் எங்கே என்று தேடிக் கிளம்பினாள். சல்லடையில் கட்டினாள், தொட்டில் கயிற்றில் கட்டினாள், புளியமரத்தில் ஏணி வைத்து ஏறிக் கிளையில் கட்டினாள். எல்லாவற்றிலும் அதே வேகம், அதே தாளம், தங்கபுஷ்பத்தின் கையில் இருந்த அதே ஆட்டம். "இதை எந்தப் பத்திரிகையும் போடாதுக்கா" என்று என் பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "போடாட்டிப் போறான், நீ டீயைக் குடி" என்றேன்.

ஆனால் அவளுக்கு அது ஒரு நல்லதும் செய்தது. ஒருநாள் சாயங்காலம் துண்டுக்காரர்கள் வரிசையாக நிற்கும்போது, மில்லிலிருந்து வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நடுக்கம் குறுக்கே போகச் சோம்பல்பட்டு வரிசை வழியாகவே போயிற்று. இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரைக்கும் துண்டெல்லாம் சரசரவென்று நழுவி விழுந்தது. கவுன்சிலர் மருதையா, அவருக்குப் பின்னால் அவர் மச்சான், அவருக்கும் பின்னால் அவர் மாமனார்! மாமன் மச்சான் மூன்று பேரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு, "நீரா?" "நீங்களா?" என்று நின்ற நிலையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். அதற்கப்புறம் வெட்கப்படுவதற்கு ஊரில் ஆம்பிளை ஒருத்தரும் மிச்சமில்லை, ஆம்பிளைகளுக்கே இல்லாத வெட்கம் நமக்கென்ன என்று உண்மையாகவே கை நடுங்கின பொம்பிளைகளும் கிழவர்களும் பட்டப்பகலில் படியேறி மாத்திரை வாங்கினார்கள். அவர்களில் சிலபேருக்குக் கேட்டது, சிலபேருக்குக் கேட்கவில்லை. எவருடைய நடுக்கமும் வெளியே இறங்கி நடக்கவில்லை.

மருந்துக் கம்பெனிக்காக மெட்ராஸிலிருந்து மேற்பார்வை பார்க்க ஒரு ஆள் வந்தார். எல்லாவற்றையும் கேட்டார், வியர்வையைத் துடைத்தார், விதிமுறையைப் புரட்டினார். ஆராய்ச்சியில் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கியாக வேண்டும் என்றார். சல்லடைக்கு ராமலட்சுமி போட்டாள், தொட்டிலுக்குப் பிள்ளையின் தாய் போட்டாள், புளியமரத்துக்குக் கவுன்சிலர் போட்டார். "சாமிகிட்டயும் வாங்கணுமாய்யா?" என்று பேச்சிமுத்து கேட்டபோது அந்த ஆள் பேனாவை மூடிவிட்டார். மருந்தோ மாவோ, அது நடுக்கத்தைக் குணமாக்கவில்லை, இடம் மாற்றிவிட்டிருக்கிறது, ஆகையால் தங்கபுஷ்பத்துக்கு மட்டும் மாத்திரையை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு சாயங்கால ரயிலுக்கே போய்விட்டார்.

அவர் சொல்லிவிட்டுப் போன நேரம்தான் சரியில்லை. ஏனென்றால் வடிவுக்குப் புளியங்குடியிலிருந்து நல்ல இடம் அமைந்திருந்தது. எலுமிச்சை மண்டி வைத்திருக்கிறவர்கள், பையன் மண்டியில் கணக்குப் பார்க்கிறான், அமைதியான பிள்ளை. அவன் அம்மா ஆவுடையம்மாள்தான் அந்த வீட்டில் சகலமும். ஆளைப் பார்க்கிற பார்வையே பழத்தை அமுக்கிப் பார்க்கிற மாதிரி இருக்கும். "எங்க வழக்கத்துல நிச்சயத் தட்டை ரெண்டு அம்மைமாரும்தான் மாத்தணும், ஆம்பிளைக கை வைக்கக் கூடாது" என்று பெண் பார்க்க வந்த அன்றைக்கே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். தட்டு என்றால் சும்மாவா, தேங்காய், பழம், பட்டுப் புடவை, வெற்றிலை பாக்கு, மல்லிகைப்பூப் பந்து எல்லாம் அடுக்கின கனத்த பித்தளைத் தட்டு.

"மாத்திரையை நிறுத்தினா அது திரும்ப என் கைக்கே வந்திருமா டாக்டர்?" என்று தங்கபுஷ்பம் கேட்டாள்.

"தெரியலையேக்கா" என்றாள் டாக்டர். அவள் கண் கலங்கிவிட்டது.

"இந்தத் தடவையும் தட்டு ஆடுச்சுன்னா என் பிள்ளைக்கு வேற இடமே வராது கோமுக்கா" என்று என்னிடம் சொன்னாள் தங்கபுஷ்பம். அழவில்லை, அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

ஊர் கூடிப் பேசினோம். வேலை இருந்தால் அது நகராது, வேலை இல்லாவிட்டால்தான் திரியும், ஆகையால் நிச்சயதார்த்தத்தன்று காலையிலிருந்து தட்டு மாற்றி முடிகிற வரைக்கும் அதற்கு மூச்சுவிட நேரம் இல்லாமல் வேலை கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. ராமலட்சுமி மில்லில் மூட்டை மூட்டையாக மாவு எடுத்து வைத்தாள், அவளுக்கு அடுத்து தொட்டில்காரி, அவளுக்கு அடுத்து பேச்சிமுத்து கோயில் மணியில் வைத்துக்கொள்வது என்று ஆளுக்கொரு முறை போட்டுக் கொடுத்து, எனக்கு மண்டபத்தில் பந்தி விசாரணை என்று ஒதுக்கினார்கள். எல்லாம் கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் செல்லத்துரை, மகள் நிச்சயத்தை மெச்சும்படி பண்ண வேண்டும் என்று, திருநெல்வேலியிலிருந்து சமையலுக்குத் தவசிப்பிள்ளையை வரவழைத்து சொதிச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு பண்ணிவிட்டார். பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கொதிக்கிற வாசனை மண்டபத்துப் பின்வாசலில் கிளம்பி, தெருத் தெருவாகப் போய், ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டியது. ராமலட்சுமி, தொட்டில்காரி பார்த்துக்கொள்வாள் என்று கிளம்பி வந்தாள். தொட்டில்காரி, பேச்சிமுத்து இருக்கிறானே என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பேச்சிமுத்து, இவ்வளவு பேர் இருக்கும்போது நம்மை யார் தேடப் போகிறார்கள் என்று பட்டுத் துண்டைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தான். சொதி என்றால் எங்கள் சனத்துக்குச் சத்தியமாவது, முறையாவது!

தட்டு மாற்ற எழுந்து நின்றார்கள். இந்தப் பக்கம் தங்கபுஷ்பம், அந்தப் பக்கம் ஆவுடையம்மாள். நான் சபையை ஒரு சுற்றுப் பார்த்தேன், ராமலட்சுமி இருக்கிறாள், தொட்டில்காரி இருக்கிறாள், பேச்சிமுத்து இருக்கிறான். அடப் பாவிகளா, அப்போ அது யாருகிட்ட இருக்கு என்று நான் நினைத்து முடிப்பதற்குள் வாசல் மாவிலைத் தோரணம் ஆடியது, அப்புறம் குத்துவிளக்கின் சுடர் ஆடியது, அப்புறம் நாற்காலிகள் வரிசையாக ஒரு குலுங்குக் குலுங்கின. ஊரெல்லாம் தேடி ஒரு வீட்டிலும் ஆளைக் காணாமல், எல்லோரும் எங்கே இருக்கிறார்களோ அங்கேதானே அதுவும் வரும்? அது நேராகப் போய்த் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தது. தட்டு ஆட ஆரம்பித்தது. தேங்காய் ஒரு தடவை உருண்டு, விளிம்பில் நின்று யோசித்து, கீழே விழுந்து, ஆவுடையம்மாளின் காலடியில் போய் நின்றது.

ராமலட்சுமி எழுந்து, "ஐயோ, அது எங்க மில்லு நடுக்கம், வழி தப்பி வந்துட்டு!" என்று கத்தினாள். "இல்ல, அது மாடனோடது, என் கூட வந்துது!" என்று பேச்சிமுத்து எழுந்தான். "அது ஆராய்ச்சியோடது" என்று டாக்டர் பிள்ளைகூட எழுந்து நின்றாள், அவளுக்கு அதற்கு மேல் பொய் வரவில்லை. அப்போது செல்லத்துரை, எண்ணெய் போட்டு முறுக்கின மீசையோடு, வேட்டியை இறுக்கிக்கொண்டு சபை நடுவில் வந்தார்.

"யாரும் அவளைச் சொல்லாதீங்க. எனக்குத்தான் நரம்புத் தளர்ச்சி! என்கிட்ட இருந்துதான் அவளுக்கு ஒட்டிக்கிட்டு!"

அந்த மனுஷன் அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து எத்தனை டீயைப் பாதியில் வைத்தவர் என்று எனக்குத்தானே தெரியும். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். தங்கபுஷ்பம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

"எல்லாரும் சும்மா உக்காருங்க" என்றாள். தட்டு ஆடிக்கொண்டுதான் இருந்தது, குரல் ஆடவில்லை. "ஒருத்தரும் சொந்தம் கொண்டாட வேண்டாம். இது என்னுது. எங்க அம்மைக்கு இருந்துது, எனக்கு வந்துது. என் மவளுக்கு வந்தாலும் வரும், வராமலும் போகும், பாதிக்குப் பாதின்னு டாக்டர் சொல்லுதாவ. மறைச்சுக் குடுக்க எனக்கு மனசில்ல மதினி. சம்மதம்னா தட்டைப் பிடிங்க, இல்லாட்டி சாப்பிட்டுட்டாவது போங்க."

ஆவுடையம்மாள் குனிந்து தேங்காயை எடுத்தாள். அதை அமுக்கிப் பார்த்தாள், வழக்கம் அப்படி. "வலிக்குமா?" என்று கேட்டாள்.

"வலிக்காது. வெக்கமா இருக்கும், அவ்வளவுதான்."

ஆவுடையம்மாள் தேங்காய்க் குடுமியில் ஒட்டின தூசியைத் தட்டினாள். பிறகு மகன் பக்கம் கண்ணைக் காட்டி, "அவனுக்கு இடது காது கேக்காது. நாங்களும்தான் சொல்லல" என்றாள். மாப்பிள்ளைப் பையன் எது சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுகிற காரணம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது, இப்போதும் சிரித்துத் தலையாட்டினான். வடிவு தலையைக் குனிந்தபடியே, "அது போன்ல பேசும்போதே எனக்குத் தெரியும் அத்தை. அதான் சரின்னு சொன்னேன்" என்றாள். சபையில் ஒரு சிரிப்பு கிளம்பி, பின்வரிசை வரைக்கும் போய் அடங்கியது.

ஆவுடையம்மாள் தேங்காயைத் தட்டில் வைத்து, தட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்ததும் நடுக்கம் தட்டைத் தாண்டி அவள் கைக்குப் போயிற்று, தங்கபுஷ்பத்தின் கை சும்மாவாயிற்று, ஆவுடையம்மாளின் வளையல் முழங்கை வரைக்கும் கலகலவென்று ஒலித்தது. அந்தக் கண்டிப்பான பொம்பிளை, கிச்சுகிச்சு மூட்டின குழந்தை மாதிரி நெளிந்து நெளிந்து சிரித்தாள்.

"எம்மா, குறுகுறுங்குது! மதினி, கல்யாணம் முடிஞ்சு மருமவளைக் கூட்டிட்டுப் போகும்போது இதையும் எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போறேனே. எங்க வீட்டு மனுசர் காலையில என்ன உலுக்கினாலும் எந்திரிக்க மாட்டேங்காரு."

தங்கபுஷ்பம் அந்த வளையல் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு இத்தனை வருஷமாகத் தன்னைப் படுத்தின அந்தக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"கூட்டிட்டுப் போங்க. ஆனா ஆடிக்கு என் மவளை அனுப்பும்போது அதையும் கூட அனுப்பிரணும் மதினி. அதுவும் எங்க வீட்டுப் பொண்ணுதான்."